அந்தரத்தில் நிற்கும் விடுதலை!



மங்கையர்க்கு விடுதலை வாங்கித் தந்துவிட்டதாம் வெண்திரை! சட்டத்தை மீறிய பெண்களைக் கதைத் தலைவிகளாக்கிய படங்களைப் புகழ்வோர் அப்படித்தான் முழங்குகின்றனர். துப்பாக்கி ஏந்தினாள், துரத்தி வந்தோரை எதிர்த்தாள், தூசு பறக்கக் காரோட்டினாள், ஆகவே விடுதலை பெற்றாள் என்கின்றனர். அந்த விடுதலை எத்தனை நாழிகை நீடித்தது? தந்த கை எது? பறித்த கை எது? கேட்க வேண்டாமா நாம்?

1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தெல்மா அண்டு லூயிஸ்' படத்தையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கேலி கௌரி என்னும் பெண்மணி. அந்த எழுத்துக்காக ஆஸ்கார் விருது பெற்றவர். இயக்கியவர் ரிட்லி ஸ்காட். கணவனின் அதட்டலுக்கு அடங்கிக் கிடந்த தெல்மாவும், உணவு விடுதிப் பணிப்பெண் லூயிசும் ஓய்வு நாடி வெளியூர் புறப்படுகின்றனர். வழியில் ஒரு கயவன் தெல்மாவின் மானத்தைப் பறிக்க முனைகிறான். துப்பாக்கி காட்டித் தடுக்கிறாள் லூயிஸ். அதன் பிறகும் அவன் இழிமொழி உமிழ, சுட்டுவிடுகிறாள். காவலரிடம் சொல்வோம் என்கிறாள் தெல்மா. சொன்னால் யார் நம்புவார் என்கிறாள் லூயிஸ். அந்த ஒரு கேள்விதான் இருவரையும் நெடுஞ்சாலையில் ஓட ஓட விரட்டுகிறது.

காமிராவின் திறத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் நெருக்கமான சமையலறை, நான்கு சுவர், தலைக்கு மேலே தாழ்ந்த கூரை. ஓட ஓடச் சுவர் விலகுகிறது, கூரை மறைகிறது, பாலைவெளியும் பரந்த வானமும் திரையை நிறைக்கின்றன. முகப்பூச்சு அழிந்த முகங்களில் வெயிலும் புழுதியும் ஏறுகின்றன. அழகுப் பதுமையாக இருந்தவள் ஆளாக நிமிர்கிறாள்.

படத்தொகுப்பும் அப்படியே. வெட்டவெளியில் பெண்கள் விரைவதை ஒரு கணம் காட்டி, மறுகணம் தெல்மாவின் வீட்டுக்குள் தொலைபேசியருகே காத்துக் கிடக்கும் கணவனையும் காவலரையும் காட்டுகின்றனர். அடைபட்டவர் ஆடவர், உலவுபவர் பெண்டிர்! அது மட்டுமா? டெக்சாசு மாநிலத்தில் முன்பு லூயிசுக்கு நேர்ந்த கொடுமையை, பழைய நினைவுக் காட்சியாக விரித்துக் காட்டவே இல்லை. அவள் மௌனத்தை மதித்தது கத்தரிக்கோல். பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்!

ஆனால் முடிவு? முன்னே படுபாதாளம், பின்னே துப்பாக்கி ஏந்திய காவலர் படை. சரணடைய மறுத்துக் காரை முடுக்குகின்றனர் இருவரும். கார் விளிம்பைத் தாண்டுகிறது. அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது படம்! திரை வெளுக்கிறது. அவர்கள் சிரித்து மகிழ்ந்த பழைய காட்சிகள் மீண்டும் ஓடுகின்றன. கொட்டகை கைதட்டுகிறது.

அவர்கள் வீழ்வதைக் காட்டாதது பெண்மைக்குச் செய்த பெருமை என்பர். நான் கேட்கிறேன்: காட்டாமல் காத்தது யாரை? வீழ்ச்சியைக் கண்டிருந்தால், இவர்களை இங்கே விரட்டிய சட்டத்தின் மீது நம் சினம் திரும்பியிருக்கும். படம் நின்றது, சட்டம் தப்பியது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். புறப்படுமுன் போலராய்டு காமிராவைத் தன் கையாலேயே நீட்டிப் பிடித்து, இருவரையும் படமெடுக்கிறாள் லூயிஸ். கடைசிப் பாய்ச்சலில் அந்தப் படம் காரிலிருந்து பறந்துபோகிறது. பெண் எடுத்த படம் காற்றோடு போயிற்று. அவளைப் பிறர் எடுத்த படம் நிலைத்து நின்றது!

இது புதிய வழக்கமன்று. குற்றம் வென்றதாகக் காட்டலாகாது என்ற தணிக்கை நெறி 1934 முதல் ஆலிவுட்டில் கண்டிப்புடன் நடைமுறையில் இருந்தது, 1968-இல் கைவிடப்பட்டது. நெறி செத்தது, அதன் ஆவி சாகவில்லை. அதற்கு ஓராண்டு முன்னரே, 1967-இல், ஆர்தர் பென் இயக்கிய 'பானி அண்டு கிளைடு' வந்தது. தொடக்கத்தில் கட்டிலின் கம்பிகளுக்குப் பின்னே சிறைப்பறவைபோலத் தவிக்கிறாள் பானி. கொள்ளைக்காரனோடு கிளம்புகிறாள், காற்றைச் சுவைக்கிறாள். இறுதியில் பல காமிராக்கள், பல வேகங்கள். குண்டு துளைத்த உடல் மெல்ல மெல்லத் துடிப்பதைக் காட்டினர். படத்தொகுப்பாளர் டீடி ஆலன் ஒரு பெண்தான். கத்தரிக்கோல் பெண்ணின் கைக்கு வந்தால் மட்டும் போதாது, கதையின் தீர்ப்பும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆடவக் கொள்ளையரும் படங்களில் சாகிறார்களே என்று குறுக்கே கேட்பர் சிலர். சாகிறார்கள், பொன்னுக்கும் பொருளுக்கும் ஓடிச் சாகிறார்கள். தெல்மாவும் லூயிசும் ஓடியது, நீதியின் வாசல் தமக்குத் திறவாது என்று அறிந்ததால். இரண்டும் ஒன்றா?

திரையின் பெண்ணைவிடத் தரையின் பெண் பெரியவள். பெஹ்மாய் படுகொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பூலன்தேவி 1983-இல் சரணடைந்தார். வழக்கு முடியாமலே 11 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1994-இல் வெளியே வந்தபோது, அவர் கதையைச் சேகர் கபூர் 'பாண்டிட் குயின்' என்று படமாக்கியிருந்தார். தன் மானம் பறிபோன காட்சிகளைத் திரையிடுவதை எதிர்த்து, தில்லி உயர்நீதிமன்றத்தின் படியேறினார் பூலன். பின்னரே வழக்கை விலக்கிக்கொண்டார். லூயிசுக்குக் கிட்டிய மௌனம்கூட உயிரோடிருந்த பூலனுக்குக் கிட்டவில்லை! அவரோ அந்தரத்தில் நின்றுவிடவில்லை. 1996-இல் மிர்சாப்பூர் மக்களின் வாக்குப் பெற்று நாடாளுமன்றம் புகுந்தார். 2001-இல் தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செயல்கள் அனைத்தையும் சரியென்று வாதாடவில்லை நான். சாவுக்கு முன் சபைக்கும் ஒரு வழி உண்டு என்பதை அவர் வாழ்வு காட்டிற்று என்கிறேன்.

தோழர்களே, படத்தைப் பாருங்கள், கலையைப் போற்றுங்கள். ஆனால் பாதாளத்தின் விளிம்பைப் பெண்ணுரிமையின் எல்லை என்று நம்பிவிடாதீர்கள். "சொன்னால் யார் நம்புவார்?" என்ற கேள்விக்குக் காமிரா விடை தராது. காவல் நிலையம் தர வேண்டும்; நீதிமன்றம் தர வேண்டும்; தரும்வரை விடாமல் கேட்கும் மக்கள் மன்றம் வேண்டும். ஓடினால்தான் விடுதலை என்றிருக்கும் நாட்டில் எவளுக்கும் விடுதலையில்லை. நின்ற இடத்திலேயே, நிமிர்ந்த தலையோடு, அவள் வாழ வேண்டும்!