காய்ச்சலை மறைப்பதில் மானம் இல்லை

2021 ஜூன் 14 முதல் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரடங்கு ஓரளவு தளர்த்தப்பட்டது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், திருப்பூர், கோவை, நீலகிரி ஆகிய மேற்கு மாவட்டங்களும் நான்கு டெல்டா மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சென்னையில் தேநீர்க் கடை திறந்துவிட்டது, ஓமலூரில் திறக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று நம் குடும்பங்களில் பலரும் கேட்டார்கள். பதில் எளிது. இரண்டாம் அலை சென்னையில் முதலில் ஏறியது, முதலில் இறங்கவும் செய்தது. மே 21 அன்று மாநிலத்தின் ஒருநாள் பாதிப்பு 36,184 என்ற உச்சத்தைத் தொட்டது. அதன்பிறகு சென்னை குறையக் குறைய மேற்கு மாவட்டங்கள் ஏறின. மே மாத இறுதியில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. ஜூன் நடுப்பகுதியில் மாநில எண்ணிக்கை உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டிருந்தது. ஆனால் நம் பக்கத்தில் இறக்கம் மெதுவாகத்தான் இருந்தது.

பின்னலாடை, விசைத்தறி, லாரி, ஜவ்வரிசி, கோழிப்பண்ணை என்று ஊர்விட்டு ஊர் போய் உழைக்கும் மாவட்டங்கள் இவை. தொற்று நகரத்தோடு நிற்காமல் கிராமங்களுக்கும் போய்விட்டது. கிராமத்தில் பரிசோதனை தள்ளிப்போனது. இது எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான காரணம். நம் சமூகத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

2020 விட்டுச் சென்ற பயம்

2020 மார்ச் 25 அன்று, சேலத்தில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த இந்தோனேசியர் நால்வருக்கும் அவர்களுடன் பயணித்த சென்னை வழிகாட்டிக்கும் தொற்று உறுதியானதாக அரசு அறிவித்தது. அடுத்த சில நாட்களில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வந்தது. மாலை நேர அறிக்கைகளில் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு மாநாட்டின் பெயரும் வாசிக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் பொய்க் காணொளிகள் ஓடின. தொப்பியும் தாடியும் பர்தாவும் நோயின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட நாட்கள் அவை. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அதே நாட்களில் நடந்த மற்றவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாநாட்டுக்குச் சென்றவர்கள் தாமாக முன்வர வேண்டும் என்று அன்றைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டபோது நம்மவர்கள் வந்தார்கள், ஒத்துழைத்தார்கள். நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி வேண்டுகோள் விடுத்தார். டெல்லியில் குணமடைந்த ஜமாஅத் சகோதரர்கள் பிளாஸ்மா கொடுத்தார்கள். 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது; அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்ற கருத்தையும் பதிவு செய்தது. டிசம்பர் 15 அன்று டெல்லி நீதிமன்றம் 14 நாடுகளைச் சேர்ந்த 36 பேரை விடுதலை செய்தது.

தீர்ப்புகள் வந்துவிட்டன. ஆனால் பயம் போகவில்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், "வெளியே சொல்லாதே, நம்மைத்தான் முதலில் சொல்வார்கள்" என்கிறார் பெரியவர். பரிசோதனைக்குப் போனால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், கடைக்கு யாரும் வரமாட்டார்கள், பெண் பார்க்க வருபவர்கள் தயங்குவார்கள் என்ற கணக்கு ஓடுகிறது. மருந்துக் கடையில் நான்கு மாத்திரை வாங்கி, "டைபாய்டு" என்று சொல்லி நாட்கள் கழிகின்றன. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ மூச்சு வாங்குகிறது. அதன்பிறகு 108-ஐ அழைக்கிறோம். அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மருத்துவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாட்கள் நம் வீட்டிலேயே கழிந்துவிட்டிருக்கின்றன.

நம்மைக் குற்றம் சாட்டியவர்கள் செய்தது அநியாயம். அந்த அநியாயத்துக்குப் பயந்து நம் வாப்பாவையும் உம்மாவையும் இழப்பது அதைவிடப் பெரிய இழப்பு. நோயை மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை. நோய் வந்தவர் குற்றவாளி அல்ல. மறைக்க இங்கே எதுவும் இல்லை.

விதியிலிருந்து விதியை நோக்கி

"அல்லாஹ் நாடியது நடக்கும், மருத்துவமனை எதற்கு?" என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் அம்வாஸ் கொள்ளைநோயை நினைவூட்ட விரும்புகிறோம். ஷாம் நோக்கிப் பயணம் செய்த கலீபா உமர் (ரலி), ஸர்க் என்ற இடத்தில் நோய்ச் செய்தியைக் கேட்டார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷி மூத்தவர்களிடமும் ஆலோசனை கேட்டு, படையோடு திரும்ப முடிவெடுத்தார்கள். இது அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பச்சைச் சரிவும் வறண்ட சரிவும் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிதான் என்று விளக்கினார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து எடுத்துச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பரிசோதனையும் தனிமையும் சிகிச்சையும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. பச்சைச் சரிவைத் தேர்ந்தெடுப்பதும் தவக்குல்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காய்ச்சல், தொண்டை வலி, உடல்வலி, வாசனை தெரியாமை, வயிற்றுப்போக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றே தனி அறை. அடுத்த நாளே பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். முடிவு "இல்லை" என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். பரிசோதனை சில நேரம் தவறக்கூடும்.

ஆக்சிமீட்டர் ஒன்று நாலைந்து வீடுகளுக்குப் பொதுவாக இருந்தாலும் போதும். ஒவ்வொரு முறையும் துடைத்துப் பயன்படுத்துங்கள். பெருநாளுக்கு வைத்த மருதாணியும் நகப்பூச்சும் அளவைத் தவறாகக் காட்டலாம். ஆகவே அவை இல்லாத விரலில் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். 94-க்குக் கீழே வந்தால் மருத்துவமனை. 90-க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கூடுதல் கவனம் தேவை. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று பலர் அசட்டையாக இருப்பது இந்த நாட்களில்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போது தொடக்க நாட்களிலேயே அதை எடுத்தால் நன்மையைவிடத் தீமையே அதிகம். சர்க்கரையும் ஏறும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்புப் பூஞ்சை வரும் ஆபத்துக்கு இதுவும் ஒரு காரணம். குணமான பிறகு முகத்தில் ஒருபக்க வலி, கண்ணில் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கில் கருமையான கசிவு ஆகியவை இருந்தால் உடனே காட்டுங்கள்.

படுக்கை கிடைக்குமா என்ற அச்சம் 2021 மே மாதத்தில் நியாயமாக இருந்தது. மே 20 அன்று சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட மையத்தை அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 2021-இல் முதல்வர் காப்பீட்டு அட்டை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கொரோனா சிகிச்சைக்குப் பயன்பட்டது. 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

தடுப்பூசி: ஹஜ் சொல்லும் பாடம்

2021 ஜூன் 12 அன்று சவூதி அரசு, அந்த ஆண்டும் வெளிநாட்டவருக்கு ஹஜ் இல்லை என்று அறிவித்தது. உள்நாட்டில் வசிக்கும் 60,000 பேர் மட்டும், 18 முதல் 65 வயதுக்குள், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றது. இரண்டாவது ஆண்டாக நிய்யத்தை மனதோடு வைத்துக்கொண்டிருந்த நம் ஹாஜிகளின் வேதனை பெரிதாக இருந்தது. அந்த அறிவிப்பில் ஒரு செய்தியும் இருக்கிறது. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகவே அப்போது தடுப்பூசி நிபந்தனையாக இருந்தது என்றால், நம் தெருவில் அதைச் சந்தேகிப்பது எதற்காக?

2021 ஏப்ரல் மாதத்தில் நடிகர் விவேக், தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு நாட்களில் மறைந்ததும் தமிழகம் முழுவதும் தயக்கம் பரவியது. இதயக் குழாய் அடைப்பே காரணம் என்றும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றும் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் வதந்தி அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் பன்றிக் கொழுப்பு கிடையாது. குழந்தைப்பேற்றைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பாலூட்டும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். 2021-இன் விதிப்படி, தொற்று வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட வேண்டியிருந்தது. கோவிஷீல்டு என்றால் இரண்டாம் தவணை 12 முதல் 16 வாரத்துக்குள் என்று அப்போது இருந்தது. 2021 ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இலவசத் தடுப்பூசி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. நம் பெண்களும் முதியவர்களும் வரிசையில் நிற்கத் தயங்குகிறார்கள் என்றால் கூட்டிச் செல்வது வீட்டு இளைஞர்களின் கடமை.

இழந்தவர்களுக்கு

2021-இல், தொடர்ந்து இரண்டாவது ரமலானிலும் பள்ளிவாசல் கதவு மூடியது. பெருநாள் தொழுகை வீட்டுக்கூடத்தில் நடந்தது. சிலர் முகத்தைக் கூடப் பார்க்க முடியாமல் பெற்றோரை அடக்கம் செய்தார்கள். குளிப்பாட்ட முடியவில்லையே, ஜனாஸாவுக்குப் பத்துப் பேர்கூட இல்லையே என்ற வேதனை பல வீடுகளில் இன்னும் ஆறவில்லை. கொள்ளைநோயில் இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நற்செய்தியை அவர்களுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இயலாத நிலையில் மார்க்கம் தரும் சலுகைகளை உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே மய்யித்துக்குக் குறை வைத்துவிட்டோம் என்ற உறுத்தல் தேவையில்லை. கடல் கடந்து இலங்கையில் நம் சகோதரர்கள் ஏறத்தாழ ஓராண்டு காலம் ஜனாஸாக்களை எரிக்கக் கொடுக்க நேர்ந்தது. 2021 மார்ச் மாதம்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இங்கே தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை அணிந்து, மதம் பார்க்காமல், உறவினர்கள் நெருங்க அஞ்சிய உடல்களையும் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நம்மைப் பற்றிய அவதூறுக்கு அதைவிடச் சிறந்த பதிலை யாரும் எழுதியிருக்க முடியாது.

அழுவது ஈமானின் பலவீனம் அல்ல. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்குத் துக்க ஆண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே "ஸபர் செய்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போகாமல், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். தூக்கம் வராமல், சாப்பிடாமல், வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று யாராவது சொன்னால் அது நோய்; 104-இல் மனநல ஆலோசனையும் உண்டு.

கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் சகோதரிகள் சிகிச்சைக்கும் தவிர்க்க முடியாத தேவைக்கும் வெளியே செல்ல மார்க்கம் அனுமதிக்கிறது. தயங்காமல் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். 2021 மே 29 அன்று அரசு அறிவித்த உதவிகள் இந்தக் குடும்பங்களுக்குச் சேர வேண்டியவை. கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு ₹5 லட்சம் வைப்புத்தொகை. ஒருவரை இழந்தால் மற்றவருக்கு ₹3 லட்சம். உறவினர் பராமரிப்பில் வளரும் அநாதைக் குழந்தைக்கு 18 வயது வரை மாதம் ₹3,000. இதற்குத் தேவை ஆவணங்கள்: பரிசோதனை முடிவு, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்று. மறைத்து வைத்த நோய்க்கு ஆவணம் இருக்காது. பரிசோதனையைத் தவிர்த்த வீட்டில், யத்தீமான பிள்ளையின் உரிமையும் சேர்ந்து தொலைகிறது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் நான்கு இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் நியமித்தால் போதும். காய்ச்சல் உள்ள வீட்டுக்குத் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு, வாசலில் ஒரு வேளை உணவு, ஆக்சிமீட்டர், இழந்த குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதத்தவரானாலும் அவரும் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஜும்ஆ மேடை மூடியிருந்த நாட்களிலும் ஒலிபெருக்கி மூடவில்லை. "காய்ச்சலா, சொல்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்ற அறிவிப்பை அதில் சொல்லலாம்.

  நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், இழந்தவர்களுக்கு ஆறுதலையும், நம் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லும் துணிவையும் தருவானாக. ஆமீன்.