பழைய சிரிப்பு திரும்புமா?



'சாராபாய் வர்சஸ் சாராபாய்' 2004இல் இந்தியாவின் ஸ்டார் வன் தொலைக்காட்சியில் தொடங்கிய ஹிந்தி நகைச்சுவைத் தொடர். மருமகள் மொனிஷாவின் சிக்கனத்தைப் பணக்கார மாமி மாயா நையாண்டி செய்வதே அதன் சுவை. 2017இல் பழைய நடிகர்களே இணையத்தில் அதனைத் தொடர்ந்தபோது, சிரிப்பு முன்போல் இயல்பாக இல்லையென்று விமர்சகர் பலர் குறைப்பட்டனர்.

இதில் வியப்பில்லை. பழைய தொடரில் நாம் தேடுவது கதையை மட்டுமல்ல. அன்று பக்கத்தில் இருந்து சிரித்தவர்களையும்தான். அதே 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, நம் கல்முனைக் கரையில் எத்தனை வீட்டுப் பாய்களை வெறுமையாக்கிச் சென்றது! அவர்களை எந்தத் தொடரும் மீட்டுத் தராது.

இருப்பவர்களோடு சிரிக்க இன்றிரவே பாயை விரியுங்கள். அறையில் தனித்திருக்கும் மாமியையும் கூப்பிடுங்கள்.