பக்டீரியாவுக்கு ஊர்ப்பேர்



ஒரு நொதியத்துக்கு நியூ டெல்லி எண்டு பேர் வைச்சிருக்கினம்: என்.டி.எம்-1. வேறை மருந்து கேட்காத இடத்தில் குடுக்கிற கார்பபெனெம் அன்ரிபயோட்டிக்குகளையே இது உடைச்சுப்போடும். இதற்கான மரபணு பிளாஸ்மிட் எண்ட சின்ன டி.என்.ஏ வளையத்தில் இருக்கிறதால் ஒரு இனப் பக்டீரியாவிலிருந்து இன்னொரு இனத்துக்குத் தாவும். 2008இல் சுவீடனில், அதுக்கு முதல் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளியிடம் கண்டுபிடிச்சவை. 2010இல் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு அதைச் சென்னை, ஹரியானா, பிரித்தானிய நோயாளிகளிடமும் காட்டியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி.

பிறகு நடந்ததுதான் எனக்குக் கோபம். இங்கத்தைப் பத்திரிகைகள் இந்தியாவிலிருந்து வந்த கிருமி எண்டு எழுதின. அங்கத்தை அரசியல்வாதிகள் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி எண்டு கத்தினவை. ரெண்டு பக்கமும் கதைச்சது மானத்தைப் பற்றி. அடுத்த வருசம் வந்த ஆய்வில், டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணி மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கின தண்ணி மாதிரிகள் 171இல் 51இலும் அந்த மரபணு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காத சனமும் புழங்குற தண்ணி அது. மருந்தைப் பாதியில் நிப்பாட்டாதேங்கோ எண்டு போஸ்டர் ஒட்டித் தீருற பிரச்சினையே இது?

புது மருந்து வரும்தானே எண்டு கேப்பீங்கள். அமெரிக்காவில் அக்காயோஜென் எண்ட கம்பனி பிளாசோமைசின் எண்ட அன்ரிபயோட்டிக்குக்கு 2018இல் அனுமதி வாங்கினது. 2019 ஏப்ரலில் வங்குரோத்து! சில நாள் எடுத்து நிப்பாட்டுற மருந்து. அதிலும் புதுசை அவசரத்துக்கு எண்டு பூட்டிவைக்கத்தான் டொக்டர்மார் விரும்புவினம், அது சரியும்கூட. கவனமாப் பாவிச்சால் நட்டம் எண்ட பொருளைச் சந்தையிடம் விட்டுவைக்கிறது விசர்த்தனம். பொதுப்பணத்தில், பொதுச்சொத்தாச் செய்யிறதைத் தவிர எனக்கு வேறை வழி தெரியேல்லை.

இனி வீட்டுக்குக் கிட்ட. எங்கட அம்மாமார், மாமிமார் எத்தினை பேர் இங்கை ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை செய்யினம்? என்ர சின்னம்மாவுக்கு இரவு ஷிப்டில் ரெண்டு வார்ட், ஒரே ஆள். தாட்சர் அரசு 1983இல் இந்த வேலைகளைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விடச் சொன்னது. 2017இல் வந்த ஒரு ஆய்வு இங்கிலாந்தின் 126 என்.எச்.எஸ் டிரஸ்டுகளைப் பார்த்தது: துப்புரவை வெளியில் குடுத்த இடங்களில் செலவு குறைவு, எம்.ஆர்.எஸ்.ஏ தொற்று கூட. அது தொடர்பைக் காட்டுற ஆய்வு, முழு நிரூபணம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா கட்டில் விளிம்பைத் துடைக்க நேரம் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு சின்னம்மாவுக்கு ஆய்வு தேவையில்லை.

கிழக்கு லண்டனில் பார்ட்ஸ் டிரஸ்டின் துப்புரவுத் தொழிலாளர் 2022இல் வேலைநிறுத்தம் செய்தவை. அடுத்த வருசம் என்.எச்.எஸ்ஸின் நேரடி ஊழியர் ஆனவை. கனக்க ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஒப்பந்தம்தான். உங்கட வீட்டில் ஆராவது அந்த வேலை செய்தால், எந்தக் கம்பனி, ஒரு ஷிப்டுக்கு எத்தினை வார்ட், யூனியனில் இருக்கினமோ எண்டு கேட்டு எங்களுக்கு எழுதுங்கோ.