டிராயிங் பீரியடைக் காணவில்லை!

பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ரிவிஷன் டெஸ்ட் நெருங்கினால் முதலில் காணாமல் போவது டிராயிங் பீரியட்தான். டைம்டேபிளில் பெயர் இருக்கும், வகுப்பில் கணக்கு நடக்கும்! பாட்டு பீரியடுக்கும் இதே கதிதான்.

அதுவும் சென்னையில் இப்படி நடப்பதுதான் வேடிக்கை. மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபாவுக்கு சபா கச்சேரி. 1936ல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா இன்றும் திருவான்மியூரில் நடக்கிறது. கலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அதே பகுதியில் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் மாணவனுக்கு இதில் என்ன பங்கு? பீஸ் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸ் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை.

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் தொடங்கிய விழா, கர்நாடக சங்கீதத்தை மீனவர் குப்பத்துக்கே கொண்டு போனது. அரசும் 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி அளவில் ஆரம்பித்து மாநில அளவு வரை போட்டிகள், வென்றவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' விருதுகள். கட்டாயம் பாராட்ட வேண்டும்.

ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே ஆடவும் பாடவும் தெரிந்தவர்களைத்தான் கண்டுபிடிக்கும். வீட்டில் நடப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் மேடை ஏற மாட்டான். ஒரு தாளும் கொஞ்சம் கலரும் கொடுத்தால் வரைந்து காட்டுவான். அவனுக்குக் கோப்பை வேண்டாம். வாரத்தில் இரண்டு பீரியடும், "இது என்னடா வரைஞ்சிருக்கே?" என்று கேட்க ஓர் ஆசிரியரும் போதும்.

அந்த ஆசிரியர் எங்கே? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 8 வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரம் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கூடியது உண்மைதான். ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள்! அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று கவலைப்படுபவர், அடுத்தவர் பிள்ளையின் மனசை எப்படித் திறப்பார்?

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் படிக்கும் எல்லோரும் ராமானுஜனாகவா ஆகிறார்கள்? யோசிக்கப் பழகுவதற்குக் கணக்கு என்றால், யோசித்ததையும் உணர்ந்ததையும் வெளியே சொல்லப் பழகுவதற்குக் கலை.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. காமர்ஸ் மாணவர்கள் முதல் வருஷமே படிப்பதுதான்: அந்த ஆண்டோடு பலன் முடிந்தால் வருவாயினச் செலவு, பல ஆண்டுகளுக்குப் பலன் தந்தால் முதலினச் செலவு. விழாப் பந்தல் முதல் வகை. மாணவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரின் சம்பளம் ஏட்டில் எந்தத் தலைப்பில் இருந்தாலும், உண்மையில் இரண்டாவது வகை.

திருவிழா நடக்கட்டும், நல்லது. அதோடு ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த வாரம் டிராயிங் பீரியட் நடந்ததா?"