தியேட்டர் புகைக்கு ருசு கேட்கிறார்கள்!

ஆபரேஷன் தியேட்டருக்குள் எவனாவது சிகரெட் பற்றவைத்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். நியாயந்தான். ஆனால் அதே அறையில் மின்சாரக் கத்தி மனிதச் சதையைப் பொசுக்கும்போது எழுகிற புகையை நர்ஸுகளும் உதவியாளர்களும் நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டுமாம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் அக்கிரமம் இது.

1926-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் குஷிங், போவி என்பவர் அமைத்த மின்கருவியைக் கொண்டு ரண சிகிச்சை செய்தார். ரத்தப்போக்கை அடக்கும் அந்தக் கருவி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கருவியோடு நமக்குச் சண்டையில்லை.

புகையில் என்ன இருக்கிறது? பென்சீன், ஹைட்ரஜன் சயனைடு, பார்மால்டிஹைடு, ரத்தத் துணுக்குகள், வைரஸ் கிருமிகள்கூட இருக்கக்கூடும். இதைச் சொல்வது நாமல்ல. அமெரிக்க சர்க்காரின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனமே 1996-ல் எச்சரித்தது. சாதாரண முகமூடி இதைத் தடுக்காது. பரிகாரமும் அப்போதே சொல்லப்பட்டது: அறுக்கும் இடத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் ஓர் உறிஞ்சுகுழாய், அதற்கு நல்ல வடிகட்டி. அவ்வளவுதான். ராக்கெட் விடுகிற தேசத்துக்கு இது பெரிய வித்தையா?

“இந்தப் புகையால்தான் நோய் வந்தது என்று ருசு எங்கே?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நீண்டகாலக் கேடுகளை விஞ்ஞானிகள் ஆராயட்டும். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கண் எரிச்சலும் தலைவலியும் இருமலும் இன்றைக்கே இருக்கின்றனவே! ருசு கிடைக்கும்வரை பரிசோதனை எலிகளாக இருக்க வேண்டியவர்கள் நர்ஸுகள்தானா?

சில இடங்களில் கருவியை வாங்கி மூலையில் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் அதைப் போட்டால், “சத்தம் போடுகிறது, கைக்கு இடைஞ்சல், நிறுத்து” என்கிறார் சர்ஜன். அவரை எதிர்த்து அவள் என்ன பேச முடியும்? நாளைக்கும் அதே டாக்டரிடம் வேலை பார்க்க வேண்டாமா? இத்தனைக்கும் அவரும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்! நிர்வாகமோ, அது டாக்டரின் விருப்பம் என்று கை கழுவிவிடுகிறது. ஊழியரின் சுவாசப்பை இன்னொருவர் விருப்பத்தில் தொங்குவதா? சட்டம் வேண்டுமென்று நாம் சொல்வது இதனால்தான்.

நர்ஸுகள் சும்மா இருக்கவில்லை, கிளர்ச்சி செய்தார்கள். 2018-ல் ரோட் ஐலண்டு மாகாணம் முதன்முதலாகச் சட்டம் செய்தது. 2019-ல் கொலராடோ. பிறகு வேறு பல மாகாணங்கள். எச்சரிக்கைக்கும் முதல் சட்டத்துக்கும் இடையே 22 வருஷங்கள்! ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் ஊழியர்கள் இந்தப் புகைக்கு ஆளாவதாக மத்திய சர்க்கார் இலாகாவே மதிப்பிட்டிருக்கிறது. மதிப்பீடு போடத் தெரிந்த இலாகா, புகையை உறிஞ்சியே தீரவேண்டுமென்று தேசம் முழுவதற்கும் விதி போடாதது ஏன்?

இதே மின்சாரக் கத்திதான் நம் ஆஸ்பத்திரிகளிலும் புகைகிறது. உங்கள் தியேட்டரில் உறிஞ்சுகுழாய் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா என்று ஆஸ்பத்திரி ஊழியர் சங்கங்கள் இந்த வாரமே விசாரிக்கட்டும்.