பொனெட் முன்னாலா, பின்னாலா?

"மாமா, பொனெட் நசுங்கிப் போச்சு" என்று அக்கா மகள் கைப்பேசியில் அழுதபோது, முன்னால் போன யாரையோ இவள்தான் இடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கிரீன் லேனுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், அவளுடைய புரோட்டோன் சாகாவின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சிவப்பு விளக்குக்கு நின்றவளைப் பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. நசுங்கியது சாமான் வைக்கும் இடம்.

"அது பூட்டுமா, பொனெட் இல்ல."

"எல்லாரும் பொனெட்டுன்னுதானே சொல்றாங்க மாமா?"

உண்மைதான். ஆங்கிலேயன் எஞ்சின் மூடிக்கு வைத்த பெயரை நம் ஊர் மலாய்ப் பேச்சு பின்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டது. சந்தையில் வாங்கிய காய்கறியை நானே "பொனெட்ல வை" என்றுதான் சொல்வேன். அமெரிக்கருக்கு முன்னது ஹூட், பின்னது டிரங்க். சென்னையிலிருந்து வரும் என் மைத்துனருக்குப் பின்னது டிக்கி. பழைய கார்களின் பின்புறத்தில் விரித்து உட்காரும் மடக்கு இருக்கைக்கு இருந்த பெயராம் அது. இருக்கை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் நல்ல பேச்சு. காப்புறுதிப் படிவத்தில் அப்படியில்லை. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம். பிள்ளை ஒழுங்காக அன்றே போய்க் கொடுத்தாள், 'பொனெட்' என்று. பிறகு ஆங்கிலப் படிவத்திலும் அதையே எழுதினாள். பட்டறைக்காரரின் மதிப்பீட்டிலோ 'பின் பூட்' என்று இருந்தது. நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, "முன்னால் இருந்த காடியை நீங்கள் மோதினீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்து இடித்தவர் மீதுதான் பெரும்பாலும் தவறு விழும். ஒரே சொல்லில் இவள் இடிபட்டவளிலிருந்து இடித்தவளாகிவிட்டாள்!

காப்பாற்றியது அவள் கைப்பேசிப் படங்கள்தான். இரண்டு எண் பலகைகளும், வேனின் மூக்கு சாகாவின் முதுகில் ஒட்டி நிற்பதும் தெளிவாகத் தெரிந்தன. புதிதாகக் காடி ஓட்டுபவர்களே, வண்டியை நகர்த்தும் முன் படம் எடுங்கள். படிவத்தில் உறுப்பின் பெயரோடு 'முன்பக்கம்', 'பின்பக்கம்' என்றும் சேர்த்து எழுதுங்கள்.

நேற்று மறுபடியும் அழைத்தாள். "மாமா, காடியில எண்ணெய் இல்ல."

பெட்ரோலா, கறுப்பு எண்ணெயா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செருப்பை மாட்டினேன்.