காரீயம் குடியரசின் சொத்து. கிணற்று நீர் யாருடைய சொத்து?

மலையைக் குடைந்து வெளியே கொணரும் காரீயத்துக்கு நிறுவைக் கணக்கு உண்டு, ஏற்றுமதிக் கணக்கு உண்டு, இலாபக் கணக்கும் உண்டு. அதே மலையின் வயிற்றிலிருந்து இரவு பகலாக இறைத்து வெளியே விடப்படும் தண்ணீருக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? அந்தக் கணக்கைப் பீலியடியில் குடத்துடன் காத்து நிற்கும் தோட்டத்துத் தாய்க்கு யார் காட்டுகிறார்கள்? இதுவே நாம் இன்று கேட்கும் கேள்வி.

புளத்கொகுபிட்டியவின் அயலில், கேகாலை மாவட்டத்தின் போகலவில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காரீயம் வெட்டப்பட்டு வருகிறது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலகச் சந்தை இலங்கைக் காரீயத்துக்காக ஏங்கியது. அன்று தோண்டிக் கைவிடப்பட்ட குழிகள் சப்பிரகமுவ மலைகளில் இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன. 1971இல் அரசு இச்சுரங்கங்களைத் தன்வசப்படுத்தியது. பின்னர் போகல மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. உடைமையாளர் மாறினர்; மலையும் மலையடிவாரத்து மக்களும் மாறவில்லை.

நிலத்தின் கீழ் நடப்பது என்ன? எமது மலைநாட்டுப் பாறை கடும்பாறை. அதில் நீர் தங்குவது வெடிப்புகளிலும், மேலே உக்கிய மண்படையிலுமே. காரீயமும் அதே வெடிப்புகளில்தான் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஆகவே காரீயத்தைத் தேடிச் செல்பவன் நீரின் வழியையும் வெட்டியே செல்கிறான். சுரங்கம் மூழ்காதிருக்க நீரை இறைத்தாக வேண்டும். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டத்து நீர்மட்டம் தாழக்கூடும். இது ஒன்று.

மற்றது நீரின் குணம். காரீயத்தோடு பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகக் கல்லும் கலந்திருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் இரும்புக் கறையாகவும் மாறும். உடனிருக்கும் சுண்ணக் கனியம் அமிலத்தைத் தணிக்கலாம், போதாதாயின் தணியாது. எந்த ஊற்றில் எது நடக்கிறது என்பதை மேடைப் பேச்சு சொல்லாது. சோதனைக் குழாய்தான் சொல்லும். குடிநீரின் அமில காரக் குறியீடு 6.5க்கும் 8.5க்கும் இடையே இருக்கவேண்டும், இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று இலங்கைத் தரக்கட்டளை விதிக்கிறது. அந்த அளவுகோல் கொழும்புக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

எந்த நிறுவனத்தின் மீதும் நாம் இங்கே குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டுதல் சட்டம் கற்றோர்க்கு அழகன்று. ஆனால், ஆதாரத்தைத் திரட்டும் கடமை யாருக்குரியது? குடத்தோடு நிற்பவளுக்கா, உரிமப்பத்திரம் வழங்கிய அரசுக்கா?

"வீண் பீதி கிளப்புகிறீர்கள்" என்பார் சிலர். பண்டாரவளையைச் சென்று பார்க்கட்டும். உமா ஓயாத் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்தினுள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்த பின்னரே ஆட்சியாளர் விழித்தனர். மேகாலயத்து ஜயந்தியா மலைகளிலோ, நிலக்கரிச் சுரங்கங்களின் நீரால் ஆறுகள் அமிலமாகி மீனற்றுப் போயின. 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கு எலிவளைச் சுரங்கங்களைத் தடைசெய்தது. தடையை மீறி இயங்கிய ஒரு சுரங்கத்தில் 2018 டிசம்பரில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர் சிக்கினர். நிலத்தடி நீரை அலட்சியம் செய்தவர்களை அது அலட்சியம் செய்வதில்லை.

"சுரங்கத்தை மூடினால் வேலை போய்விடுமே" என்பது அடுத்த வாதம். மூடச் சொன்னவர் யார்? அளக்கச் சொல்கிறோம், அளந்ததைச் சொல்லச் சொல்கிறோம். அளவுகோலுக்கு அஞ்சும் தொழிலாயின் அதன் நேர்மையிலேயே ஐயம் பிறக்கும்.

சட்டம் எமக்குத் துணை நிற்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் கனியங்கள் யாவும் குடியரசுக்கே சொந்தம் என்கிறது. சொந்தக்காரனுக்குப் பொறுப்பும் உண்டு. இயற்கை வளங்களை அரசு மக்களின் பொருட்டே பேணவேண்டும் என்று எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் இடித்துரைத்தது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019இல் அதே நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. எப்பாவலவில் வழக்காடியோர் சிங்கள விவசாயிகள். யாழ்ப்பாணத்துத் தமிழ் விவசாயியின் கிணற்றுக்காக வழக்குத் தொடுத்தவரோ இரவீந்திர காரியவசம் என்னும் சுற்றாடல் ஆர்வலர். தண்ணீருக்கு இனம் இல்லை, தாகத்துக்கும் இல்லை.

தோட்டத்து மக்களின் நிலையோ தனி. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டோம். குடியுரிமை மீண்ட பின்னரும், தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டம் 2018 வரை திருத்தப்படவில்லை. 2016 மே மாதத்தில் புளத்கொகுபிட்டிய களுபான தோட்டத்தில் மலை சரிந்து லயத்து மக்களை விழுங்கியது. மலை பேசுமுன் மனிதர் பேசியிருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று நாம் உயிர் கொடுத்துக் கற்றோம். மறுபடியும் அதே விலையா?

எமது கோரிக்கைகள் மூன்று. சுரங்கங்களையும் கைவிட்ட குழிகளையும் சூழ்ந்த கிணறு, ஊற்று, பீலி அனைத்தையும் மாரியிலும் கோடையிலும் சோதிக்க வேண்டும். முடிவுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் லயந்தோறும், கிராமந்தோறும் ஒட்ட வேண்டும். நீர் வற்றினாலோ கெட்டாலோ மாற்றுக் குடிநீர் வழங்கும் பொறுப்பை உரிமப்பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி எவரும் ஒரு கடிதம் எழுதலாம். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டவை. ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, மருத்துவர்களே! தோட்டத்துத் தோழனும் அயற்கிராமத்து விவசாயியும் ஒரே தாளில் ஒப்பமிட அக்கடிதத்தை எழுதிக் கொடுங்கள். கேட்பது பிச்சையன்று; மலையடியில் வாழ்வோர் தம் மலையின் கணக்கைக் கேட்கிறார்கள்.